அலையாத்திக் காட்டின் எதிரி யார்?

(ராயகிரியில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது அலையாத்திக் காடுகளைப் பற்றி. மேற்கே மலை, சுற்றிலும் கண்மாயும் வயலும் இருக்கிற ராயகிரியில், கடலுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் தண்ணீர். நமக்கு மேற்கே இருக்கிற மலையில் பெய்யும் மழை நிட்சேப நதியிலும் இன்னும் பல ஓடைகளிலும் இறங்கி, வைப்பாற்றோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. கடலோரச் சதுப்புக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, ஆற்றுத் தண்ணீரும் வேண்டும். இரண்டும் கலக்கிற இடத்தில்தான் அலையாத்தி வளரும். கடலோரத்தின் கதை இங்கேயே தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் சாதி. ஒரு கண்மாயின் மீனை யார் பிடிக்கலாம், யார் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்வி கழிமுகத்திலும் இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிற பலர் அதைத் தொடுவதில்லை. தொடாமல் அந்தக் காட்டைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

நான் மீன்வளம் படித்தவன். இறாலின் வாழ்க்கைச் சுழற்சியை வட்டமாக வரைந்து காட்டுகிற படம் ஒன்று பாடப்புத்தகத்தில் உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக் குஞ்சுகள் ஓதம் ஏறும்போது கழிமுகத்துக்குள் வந்து சேரும். அங்கே அலையாத்தி வேர்களுக்கு நடுவில் சில மாதங்கள் ஒளிந்து வளரும். ஓரளவு பெரிதானதும் மறுபடியும் கடலுக்குப் போகும். மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் சேற்று நண்டும் ஏதாவது ஒரு பருவத்தில் இந்தச் சதுப்பை நம்பியே வாழ்கின்றன.

ஏன் அங்கே வருகின்றன? சோறும் கூரையும் கிடைப்பதால். அலையாத்தியின் இலை உதிர்ந்து சேற்றில் விழுகிறது. நண்டு அதைக் கிழிக்கிறது, நுண்ணுயிர்கள் மக்க வைக்கின்றன, அந்த மக்கு இறால் குஞ்சுக்கு உணவாகிறது. சுரபுன்னையின் முட்டு வேர்களும் வெண்கண்டலின் மூச்சு வேர்களும் நெருக்கமாக நிற்பதால் பெரிய மீன் உள்ளே புகுந்து குஞ்சுகளை வேட்டையாட முடிவதில்லை. ஆழ்கடலில் விசைப்படகு அள்ளுகிற இறாலில் ஒரு பகுதி இந்தச் சேற்றில் வளர்ந்தது. மன்னார் வளைகுடாவில் கடற்புல் படுகைகளும் பவளப் பாறைகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே மீன்வளத்தைக் காப்பது என்பது படகையும் வலையையும் கட்டுப்படுத்துவதோடு முடிவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை போடுகிறோம். குஞ்சு வளர்கிற வீட்டை இடித்துவிட்டுத் தாய்மீனுக்கு விடுமுறை கொடுத்து என்ன பயன்?

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி இங்கே இருக்கிற அலையாத்திக் காடு வெறும் 45 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் இருக்கிறது. இவ்வளவுதான் நம் கையில் மிச்சம்.

பாடப்புத்தகத்தில் அந்த வட்டப் படத்தில் இறால் உண்டு, மரம் உண்டு, கடல் உண்டு. மனிதர்கள் கிடையாது. அந்த மனிதர்களை இப்போது படத்துக்குள் கொண்டுவருவோம்.

முதலில் பிச்சாவரம். பலருக்கு அது சுற்றுலாத் தலம், இல்லையென்றால் சினிமா இடம். 1975 இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு அங்கே நடந்தது. அதைத் தாண்டி ஒரு விசயம் சொல்கிறேன். பிச்சாவரத்துக்கு அருகில் இருக்கிற பெரிய ஊர் சிதம்பரம். அதன் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பார்கள். அது அலையாத்திக் காட்டு மரம். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. ஊருக்குத் தன் பெயரைக் கொடுத்த மரம் சேற்றில் நிற்கிறது. அந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைய நந்தனார் தீயில் இறங்க வேண்டும் என்று புராணம் எழுதினார்கள். காட்டின் பெயரை எடுத்துக்கொண்டு காட்டையும் சேற்றில் உழைத்தவரையும் வெளியே நிறுத்துவது நம் நாட்டில் பழைய பழக்கம்.

அந்தப் பிச்சாவரம் காட்டை ஒட்டி இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஓடைகளில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில், கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் அவர்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். ஆணும் பெண்ணும் இதைச் செய்வார்கள். சேற்று நண்டு விரலைக் கடிக்கும், சிப்பி காலைக் கிழிக்கும். நீர் எவ்வளவு உப்பு, எந்த மடக்கில் இறால் அண்டும், ஓதம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் பதிந்த அறிவு. ஆனால் ‘மீனவர்’ என்று சொன்னால் நம் மனதில் வருவது படகும் வலையும் கடலும். கையால் பிடிக்கிறவர் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. அவர்கள் வலை போட்டால் ‘இது உங்கள் தொழில் இல்லை’ என்று மற்றவர்கள் மறித்ததும், அரசு அலுவலகத்தில் பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் நடந்ததும் அங்கே வேலை செய்தவர்கள் பதிவு செய்த வரலாறு.

இப்போது அலையாத்திக் காட்டின் எதிரி யார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

பிச்சாவரத்தில் காடு அழிந்துகொண்டிருந்தது. நடுவில் பெரிய பெரிய திட்டுகள் மொட்டையாகக் கிடந்தன. யார் காரணம் என்று கேட்டபோது அதிகாரிகள் மத்தியில் நிலவிய பதில் என்ன தெரியுமா? சுற்றியிருக்கிற ஏழைகள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பதுதான். இது நமக்குப் பழக்கமான பதில். காடு அழிந்தால் பழங்குடி, ஏரி நாறினால் குடிசைவாசி, ஊர் அசுத்தமானால் அதைச் சுத்தம் செய்கிறவர்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். மண்ணை அளந்தார்கள், உப்பை அளந்தார்கள், வனத்துறையின் பழைய ஆவணங்களைப் படித்தார்கள். கிடைத்த விடை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே கூப்பு முறை நடந்தது. காட்டைத் திட்டு திட்டாகப் பிரித்து, ஒவ்வொரு திட்டையும் முறைவைத்து மொத்தமாக வெட்டுவது. அப்படி வெட்டியதும் நிழல் போய்விட்டது. வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றில் இருந்த ஈரம் வற்றி நிலம் அமிழ்ந்தது. தட்டையாக இருந்த தரை தட்டு போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல் நீர் வற்றும்போது வெளியே போகவில்லை. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறியது. வேதாரண்யத்து உப்பளத்தில் நடப்பது காட்டுக்குள் நடந்தது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், காட்டை மொட்டையடித்தது அரசின் சட்டப்படியான வெட்டு. பழி மட்டும் விறகுச் சுமை தூக்கியவர் தலையில் விழுந்தது.

நான் இதை வெறும் அநியாயக் கதையாகச் சொல்லவில்லை. அறிவியலாகவே இது முக்கியம். நோயைத் தப்பாகக் கண்டுபிடித்தால் மருந்தும் தப்பாகும். ஏழைதான் காரணம் என்று நம்பினால் வேலி போடுவீர்கள், வழக்குப் போடுவீர்கள், விரட்டுவீர்கள். நூறு ஆண்டு வேலி போட்டாலும் குழிந்து கிடக்கிற உப்புத் தரையில் ஒரு கண்டல்கூட முளைக்காது. தேங்கிய நீர்தான் காரணம் என்று தெரிந்தபோது மருந்து மாறியது. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள், பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அதன் வழியே ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. பிறகு நட்ட வெண்கண்டல் பிழைத்தது. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து குழு அமைத்து இந்த வேலையைச் செய்தார்கள். இருளர்களும் அதில் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2003 இல் ‘கரண்ட் சயன்ஸ்’ ஆய்விதழில் எழுதினார்கள். காடு திரும்ப வந்தது. யாரையும் விரட்டாமல் வந்தது.

சாதி என்பது அறிவையும் குருடாக்கும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அடுத்து நாகப்பட்டினம். இங்கே எதிரி வேறு முகத்தோடு வந்தான்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் உயிரோடு கொளுத்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். அந்தக் கொடுமைக்குப் பிறகு அங்கே போய்த் தங்கி நிலத்துக்காக வேலை செய்தவர்கள் கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகநாதன் தம்பதி. கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981 இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் சர்வோதயத்தில் வளர்ந்தவர்கள். காந்தியத்தோடு நமக்குத் தீராத கணக்கு உண்டு, அதை வைத்துக்கொண்டே இதைப் பார்ப்போம்.

1990களின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களில் பெரும் முதலாளிகள் கடலோர நிலத்தை வாங்கி இறால் பண்ணை வெட்டினார்கள். ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, நீலப் புரட்சி என்று பேசப்பட்டது. தரையில் நடந்தது வேறு. நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் கூலிப் பெண்கள் வேண்டும். இறால் குட்டைக்கு இரண்டு மூன்று காவல்காரர்கள் போதும். நிலம் வைத்திருந்தவர் விற்றுவிட்டுப் போனார். அந்த நிலத்தில் தலைமுறையாகக் குனிந்து வேலை செய்தவர்களுக்கு விற்பதற்கு ஒன்றும் இல்லை. உப்பு நீர் நிலத்தடியில் இறங்கிக் குடிநீர் கெட்டது. குட்டைக் கழிவு ஓடையிலும் கழிமுகத்திலும் விடப்பட்டது. மீனவர்கள் கடலுக்குப் போகிற பாதையைப் பண்ணை வேலி அடைத்தது. தலித் கூலிப் பெண்ணும் கடற்கரை மீனவரும் ஒரே பண்ணையால் பாதிக்கப்பட்டார்கள்.

போராட்டம் நடந்தது. பண்ணை மறியலில் உடம்பைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலிப் பெண்கள். ஜெகநாதன் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற இறால் குட்டைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், மரபுவழி வளர்ப்புக்கு மட்டும் விலக்கு என்றது. விவசாய நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், வன நிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. வேலை இழக்கிற தொழிலாளிக்கு ஆறு ஆண்டுச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடு என்றது. இறால் விற்று வருகிற வருமானத்தைவிடச் சுற்றுச்சூழலுக்கும் வாழ்வாதாரத்துக்கும் ஏற்பட்ட சேதம் அதிகம் என்ற நீரி நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துக்காட்டியது.

பிறகு என்ன ஆனது? 2005 இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. அந்த அறிவிக்கையின் தடை கடலோர இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று, அந்தத் தேதியிலிருந்தே அப்படி இருந்ததாகக் கருத வேண்டும் என்று, புதிய சட்டம் சொன்னது. பதினான்கு ஆண்டு பின்னோக்கிப் போய் வரலாற்றைத் திருத்தினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடித்தளத்தையே உருவிவிட்டார்கள். 2023 இல் மீண்டும் திருத்தம் வந்து, விதி மீறினால் சிறை என்றிருந்ததும் அபராதமாக மாறியது.

கூலிப் பெண் ஓடையில் விறகு பொறுக்கினால் குற்றம். முதலாளி சதுப்பைக் குட்டையாக்கினால் முன்தேதியிட்ட மன்னிப்பு. காட்டின் எதிரி யார் என்று இனி யாராவது கேட்டால் இந்த இரண்டு வரிகளைச் சொல்லுங்கள்.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான். ஈக்வடார் நாட்டின் வடகடலோரத்தில் சேற்றில் சிப்பி பொறுக்கி வாழ்கிறவர்களில் பலர் ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய அலையாத்திக் காட்டையும் இறால் பண்ணைகள் தின்றன. 1998 ஜூலை 26 அன்று முய்ஸ்னே என்ற ஊரில் மக்கள் ஒன்றுகூடிச் சட்டவிரோதப் பண்ணையின் கரையை உடைத்துக் கடல் நீரை உள்ளே விட்டார்கள், கண்டல் கன்றுகளை நட்டார்கள். இன்று ஐக்கிய நாடுகள் அவையின் யுனெஸ்கோ கொண்டாடுகிற உலக அலையாத்தி நாள் அந்த ஜூலை 26தான். அதற்குப் பிறகு 2000 முதல் ஈக்வடார் அரசு காட்டுப் பகுதிகளின் பொறுப்பைச் சிப்பி பொறுக்குவோர், நண்டு பிடிப்போர் சங்கங்களிடம் ஒப்பந்தம் போட்டு ஒப்படைக்கத் தொடங்கியது. நம் ஊரில் அந்த நாளில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். நாள் எங்கிருந்து பிறந்தது என்பதையும் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

இனி ஒரு கசப்பான விசயம். இதைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசியவன் ஆவேன்.

மீனவ மக்கள் ஒடுக்கப்பட்டவர்கள். ஊருக்குள் அவர்களை இழிவாகப் பேசுகிறார்கள், துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கடற்கரையைப் பறிகொடுக்கிறார்கள். அவர்களுடைய ஊர்ப் பஞ்சாயத்துகள் கடலை நிர்வகிக்கிற முறையை உலகத்து ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற முறை உண்டு. இறால் கிடைக்கிற இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. எல்லோரும் ஒரே நேரத்தில் அள்ளாமல் வளம் நிற்க இது உதவுகிறது, உண்மை. ஆனால் அந்த முறையில் யாருக்கு இடம்? குறிப்பிட்ட சாதியின், குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களுக்கு. அதே ஏரியை நம்பியிருக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்த வரிசையில் பெயர் இல்லை. பெண்களுக்கும் இல்லை. வளத்தைக் காக்கிற விதியும் சாதியைக் காக்கிற விதியும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருக்கின்றன. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். மேலே இருந்து அடி வாங்குகிறவருக்குக் கீழே அடிக்க ஒருவரைக் கொடுத்து வைத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இது அப்பட்டமாக வெளிவந்தது. பிணங்களை அகற்ற வெளியூர்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தூய்மைப் பணியாளர்களான தலித்துகள். நிவாரண முகாமில் சேர்ந்து தங்க முடியாதவர்களும் தலித்துகள். படகு இழந்தவருக்குக் கணக்கு இருந்தது. கடலோரத்தில் கூலிக்கு மீன் சுமந்தவரும் கழியில் நண்டு பிடித்தவரும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மனித உரிமைக் கண்காணிப்பகமும் தலித் அமைப்புகளும் அப்போதே இதைப் பதிவு செய்தன. அதே சுனாமியில், கடலூர் மாவட்டக் கடற்கரையில் மரக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005 இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தும் எழுதினார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் சரி, அலையைத் தணிக்க ஒரு காடு முன்னால் நின்றது. நிவாரணப் பட்டியலில் சாதி முன்னால் நின்றது.

ஆகவே ‘மக்களிடம் காட்டை ஒப்படையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மக்கள்? குழுவில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? படகு இல்லாதவருக்கு, சேற்றில் கை விட்டுப் பிடிக்கிறவருக்கு, மீன் சுமக்கிற பெண்ணுக்கு அந்தக் குழுவில் இடம் உண்டா? மகாடில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923 இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு இறங்கிச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தபோதுதான் அந்தப் ‘பொது’ என்ற சொல்லுக்கு முதல்முறையாகப் பொருள் வந்தது. பொதுவளம் என்று பெயர் வைத்துவிட்டால் அது பொதுவாகிவிடாது.

இன்று அலையாத்திக்கு நல்ல காலம் வந்திருப்பது போலத் தெரிகிறது. பிச்சாவரம் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றிய அரசு 2023 இல் மிஷ்டி என்ற பெயரில் அலையாத்தி வளர்க்கும் திட்டத்தை அறிவித்தது. சேற்றில் தேங்குகிற கரியமிலத்துக்கு விலை வைக்கிற சந்தை உருவாகிறது. நல்லது என்று கைதட்டுவதற்கு முன் மூன்று விசயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கன்று எண்ணிக்கை காட்டை அளக்காது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். 2017 இல் வெளியான ஆய்வின்படி அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. இடம் பார்க்காமல், நீரோட்டம் பார்க்காமல் நட்டதே காரணம். நீரோட்டத்தை அறிந்தவர் அந்த ஓடையில் தினமும் இறங்குகிறவர். அவரைக் குழி தோண்டும் கூலியாளாக மட்டும் அழைக்கிறார்கள், திட்டம் போடுகிற மேசைக்கு அழைப்பதில்லை.

இரண்டு, மேலே இருந்து நன்னீர் வரவேண்டும். முத்துப்பேட்டை காவிரியின் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும், மரம் குட்டையாகும், இறால் குஞ்சு குறையும். கண்மாய் ஆக்கிரமிப்பும் மணல் கொள்ளையும் நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அவற்றின் விளைவு கழிமுகம் வரை போகிறது.

மூன்று, உரிமை. 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, காட்டுக்குள் இருக்கிற நீர்நிலைகளின் மீனுக்கும் பிற விளைபொருளுக்கும் சமூக உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. மலைக்காட்டுக்கு மட்டும் என்று அதில் இல்லை. அலையாத்திக் காடும் காடுதான். தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை இந்தச் சட்டப்படி உரிமை வழங்குவது முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பிறகும் பேச்செல்லாம் மலைப் பழங்குடிகளைப் பற்றியே இருக்கிறது. கழிமுகத்து இருளர்களின் மீன்பிடி உரிமையை எழுத்தில் பெற வேண்டிய போராட்டம் நம் முன்னால் இருக்கிறது.

சாதி ஒழிப்பு வேறு, சுற்றுச்சூழல் வேறு, முதலில் நம் மக்கள் பிழைக்கட்டும், மரம் பிறகு பார்க்கலாம் என்று நம்மிடையே சொல்கிற தோழர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். நிலம் இல்லாதவருக்கு, படகு இல்லாதவருக்கு, மிச்சமிருக்கிற கடைசிச் சொத்து பொதுவளம். சந்தையில் எதையும் வாங்க முடியாத நாளில் ஓடையில் இறங்கினால் குழம்புக்கு நாலு நண்டு கிடைக்கும். அந்த ஓடை செத்தால் பணக்காரர் வேறு மீன் வாங்குவார். நம் மக்கள் பட்டினி கிடப்பார்கள். அலையாத்தியைக் காப்பது நமக்கு அழகுணர்ச்சி சம்பந்தப்பட்டது இல்லை, சோறு சம்பந்தப்பட்டது.

இன்னொரு பக்கம், நகரத்துச் சூழலியலாளர்கள். அவர்களில் நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். ஆனால் ‘மனிதத் தலையீடே இல்லாத தூய காடு’ என்று அவர்கள் பேசும்போது அந்தத் ‘தூய’ என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். தூய்மை என்ற சொல்லால் அடிபட்ட வரலாறு நம்முடையது.

கடைசியாக, இந்த ஊரில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசி குத்தகை கடந்த பத்து ஆண்டுகளில் யார் யார் பெயரில் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். ஏலத் தொகை எவ்வளவு, அது எங்கே செலவானது, ஏலத்தில் நம் தெருவிலிருந்து யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறார்களா, கேட்க முடிந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். கண்மாய்க்கு வருகிற கால்வாயில் எங்கே அடைப்பு, யாருடைய ஆக்கிரமிப்பு என்று வரைபடத்தில் குறியுங்கள். அந்த விவரங்களோடு ஒருநாள் கிழக்கே போவோம். கழிமுகத்தில் கையால் நண்டு பிடிக்கிற மக்களோடு உட்கார்ந்து, உங்கள் ஓடையில் விதி போடுவது யார் என்று கேட்போம். இரண்டு ஊர்ப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

காட்டின் எதிரி யார் என்பதை அந்தக் காகிதங்கள் சொல்லும்.